வீட்டு ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி பேசிக்கொள்ள வேண்டுமா?

மூலக்குளம் பக்கம் இப்போது மாடி வைக்காத வீடு குறைவு. கீழே நாம், மேலே மகன் குடும்பமோ வாடகைக்காரரோ. அதேபோல் கீழே ஒரு ரவுட்டர், மேலே ஒரு ரவுட்டர். கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மேலே போவதில்லை என்பதால் இரண்டாவதை வாங்கிவிடுகிறோம். வாங்கிய ஒரு வாரத்தில் குறை ஆரம்பிக்கிறது. மாடியில் இருக்கும் பிரின்டர் கீழே தெரியவில்லை. வாசல் கேமரா மாடி டிவியில் வரவில்லை.

இந்தக் குறையைச் சொன்னதும் விவரம் தெரிந்த பிள்ளைகள் சிலர் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். "ரவுட்டர்ல டைனமிக் ரூட்டிங்னு ஒண்ணு இருக்கு சார். அதை ஆன் பண்ணிட்டா ரெண்டும் தானா வழியைப் பகிர்ந்துக்கும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னிடம் இதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அது வேண்டாம். அது மோசமான ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. உலக இன்டர்நெட்டே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலை நம் வீட்டில் இல்லை. வேலை இல்லாத இடத்தில் அதை வைத்தால் வருவது ஆபத்து மட்டும்தான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவன். ஓடும் ரயிலில் நின்றபடி கடிதங்களைப் பிரித்தவன். அதனால்தானோ என்னவோ, ரவுட்டர் என்ன செய்கிறது என்று படித்தபோது எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு சார்ட்டர்தான். கையில் வரும் ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரியையும் பார்க்கிறது, எந்தப் பையில் போடுவது என்று தன் பட்டியலைப் பார்க்கிறது, போடுகிறது. கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் பொறுப்பு இல்லை. அடுத்த கைக்குச் சரியாகக் கொடுத்தால் போதும்.

அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்பதற்கு நம் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி பின்கோடு வந்தது. நம் ரெட்டியார்பாளையம், மூலக்குளம் பகுதிக்கு 605010. காரைக்காலுக்கு 609602. மாஹேக்கு 673310. ஏனாமுக்கு 533464. நான்கும் ஒரே யூனியன் பிரதேசம், ஒரே அரசு. ஆனால் பின்கோடு அரசாங்கத்தைப் பார்க்கவில்லை, வழியைப் பார்த்தது. மாஹே கடிதம் கோழிக்கோடு பக்கம் போகும் பையில்தான் விழ வேண்டும். ஏனாம் கடிதம் கிழக்கு கோதாவரிப் பையில்தான். முதல் மூன்று எண்ணைப் பார்த்தால் எந்தப் பை என்று தெரிந்துவிடும். மீதி மூன்றை அந்த ஊர்க்காரர் பார்த்துக்கொள்வார். ரவுட்டரின் பட்டியலும் இப்படித்தான், முகவரியின் முன்பகுதியை வைத்து வழி சொல்கிறது.

இனி நிலையான வழி, மாறும் வழி என்ற இரண்டையும் பார்ப்போம். அச்சடித்த சார்ட்டிங் லிஸ்ட்டை மனப்பாடம் செய்து அதன்படியே பிரிப்பது நிலையான வழி. இங்கிலீஷில் ஸ்டாட்டிக் ரூட் என்பார்கள். புயலில் தண்டவாளம் மூழ்கியது என்றால் தந்தி வரும். இன்ன ஊர்ப் பைகளை இன்ன வழியாகத் திருப்பு என்று சொல்லும். நாங்கள் பட்டியலை மாற்றிக்கொள்வோம். அந்தத் தந்தியை மனிதன் இல்லாமல் ரவுட்டர்களே ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டால் அதுதான் டைனமிக் ரூட்டிங்.

இந்தத் தந்தி முறையில் முக்கியமானவை மூன்று. மூத்தது ஆர்.ஐ.பி. என்பது. கல்லறையில் எழுதும் அதே மூன்று எழுத்துதான், பயப்பட வேண்டாம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெட்ரிக் 1988 ஜூனில் இதன் விதிகளை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பே அது புழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு ரவுட்டரும் 30 விநாடிக்கு ஒருமுறை தன் பட்டியல் முழுவதையும் பக்கத்து ரவுட்டர்களிடம் சத்தமாகப் படிக்கும். "இந்த ஊர் எனக்கு இரண்டு தாவல், அந்த ஊர் மூன்று தாவல்" என்று. கேட்பவர் அதில் ஒன்றைக் கூட்டித் தன் பட்டியலில் எழுதிக்கொள்வார். 180 விநாடி சத்தம் இல்லையென்றால் அந்த வழி செத்ததாகக் கணக்கு. 15 தாவல் வரைதான் எண்ணும். 16 என்றால் போக முடியாத ஊர்.

ஏன் 16இல் நிறுத்தினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூலக்குளத்துக்காரர் அரும்பார்த்தபுரம் வழியாக வில்லியனூர் இரண்டு தாவல் என்று எழுதி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அரும்பார்த்தபுரத்துக்கும் வில்லியனூருக்கும் நடுவே சாலை அடைபட்டுவிட்டது. அரும்பார்த்தபுரத்துக்காரர் திகைத்து நிற்கும்போது மூலக்குளத்துக்காரர் வழக்கம்போல் "வில்லியனூரா, எனக்கு இரண்டு தாவல்" என்கிறார். "அப்படியானால் உங்கள் வழியாக எனக்கு மூன்று" என்று இவர் எழுதிக்கொள்கிறார். அதைக் கேட்டு அவர் நான்கு என்கிறார். இவர் ஐந்து. இருவரும் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டே போகிறார்கள், வண்டி நடுவில் திரும்பித் திரும்பி ஓடுகிறது. எண்ணிக்கை 16ஐத் தொட்டதும் "வழி இல்லை" என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். யாரிடம் கேட்டாயோ அவரிடமே திருப்பிச் சொல்லாதே என்று பிறகு ஒரு விதி சேர்த்து இதைப் பெருமளவு குறைத்தார்கள். மூன்று பேர் வட்டமாக நின்றால் அந்த விதியும் முழுதாக உதவாது.

இரண்டாவது, ஓ.எஸ்.பி.எஃப். இதில் வதந்தி கிடையாது. ஒவ்வொருவரும் தன் வாசலில் இருக்கும் தெருவை மட்டும் எல்லோருக்கும் சொல்வார். அவற்றை ஒட்டி ஒவ்வொருவரும் முழு ஊர் வரைபடம் போட்டுக்கொண்டு, குறுகிய வழியைத் தானே கணக்கிடுவார். அந்தக் கணக்கு டச்சுக்காரர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டது. பெரிய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இது அதிகம். மூன்றாவது, பி.ஜி.பி. ஒரு கம்பெனியின் வலை இன்னொரு கம்பெனியின் வலையோடு பேசும் முறை. நாட்டுக்கு நாடு இன்டர்நெட் பாய்வது இதனால்தான்.

இந்த முறைகள் வளர்ந்த கதையில் பொதுவாக ஓடும் சரடு ஒன்று உண்டு. அதுதான் நம் வீட்டுக்கு வேண்டிய பாடம். தந்தி அனுப்புகிறவர் யோக்கியர் என்ற நம்பிக்கையில் எல்லாம் நடந்தது.

இன்டர்நெட்டுக்கு மூதாதையான ஆர்ப்பாநெட்டில் 1970களில் ஒரு சம்பவம். ஹார்வர்டில் இருந்த இயந்திரத்தின் நினைவகம் பழுதாகி, எந்த ஊரும் தனக்குப் பூஜ்ய தூரம் என்று சொல்ல ஆரம்பித்தது. மற்ற இயந்திரங்கள் நம்பின. சுற்றியிருந்த போக்குவரத்து அத்தனையும் ஹார்வர்டுக்குத் திரும்பி அங்கேயே மறைந்தது. அந்த இயந்திரம் பொய் சொல்லவில்லை, அதற்குப் பைத்தியம் பிடித்திருந்தது. கேட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

2008 பிப்ரவரி 24ஆம் தேதி பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்யச் சொன்னார்கள். பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் மட்டும் ஒரு பொய் வழியை வைத்தது. அது கசிந்து ஹாங்காங் கம்பெனி ஒன்றின் மூலம் உலகத்துக்கே பரவியது. யூடியூப் ஆயிரத்துச் சொச்சம் முகவரிகளுக்கு ஒரே வழி சொல்லியிருந்தது. பாகிஸ்தான் சொன்னதோ அவற்றுள் 256 முகவரிகளுக்கு மட்டும். ரவுட்டருக்கு ஒரு விதி: யார் நுணுக்கமாகச் சொல்கிறாரோ அவர் பேச்சைக் கேள். 605 பை பாண்டிக்கு என்று ஒருவர் சொல்லும்போது, 605010 மட்டும் என்னிடம் கொடு என்று இன்னொருவர் வந்தால் சார்ட்டர் யாரிடம் கொடுப்பார்? அதேதான் நடந்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை.

நம் நாட்டிலும் நடந்தது. 2021 ஏப்ரல் 16ஆம் தேதி வோடஃபோன் ஐடியாவின் வலையிலிருந்து, தனக்குச் சொந்தமில்லாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வழிகள் தன்னுடையவை என்று தவறுதலாக அறிவிப்புப் போனது. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி திங்கள் இரவு ஒன்பது மணி வாக்கில் வாட்ஸப் நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அன்று பட்ட பாடு எனக்குத் தெரியும். அது தாக்குதல் இல்லை. பராமரிப்பு வேலையில் நேர்ந்த கோளாறால், ஃபேஸ்புக் கம்பெனியின் ரவுட்டர்கள் "எங்களிடம் வர வழி இது" என்று சொல்வதை நிறுத்திவிட்டன. ஆறு மணி நேரம் அந்தக் கம்பெனி உலகப் படத்திலிருந்தே காணாமல் போனது.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நம் வீட்டுக்கு என்ன என்று கேட்கலாம். வீட்டு ரவுட்டரைப் பற்றிய கதையே ஒன்று இருக்கிறது. 2015 மே மாதம் நடந்த ஒரு தாக்குதலைப் பற்றி அகமாய் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. தாக்குதலுக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் பழைய ரவுட்டர்கள். அவற்றில் ஆர்.ஐ.பி.யின் முதல் பதிப்பு வெளிப்பக்கம் பார்த்துத் திறந்து கிடந்தது. யாரும் 24 பைட் அளவில் ஒரு கேள்வி கேட்டால், ரவுட்டர் தன் பட்டியலை 504 பைட் வரையில் பதிலாகக் கொட்டும். போக்கிரிகள் அனுப்புநர் முகவரியில் வேறொருவர் முகவரியைப் போட்டுக் கேட்டார்கள். பதில் முழுவதும் அந்த அப்பாவியின் தலையில் விழுந்தது. இப்படிப் பதில் சொல்லத் தயாராக இருந்த சாதனங்கள் உலகெங்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவற்றில் ஐந்நூறு வாக்கில் பயன்படுத்தியே, விநாடிக்கு 12.9 கிகாபிட் வேகத்தில் தாக்க முடிந்தது. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வசதி தன் பெட்டிக்குள் ஓடுவதே தெரிந்திருக்கும்?

வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எங்கள் வீட்டில் எந்த அறை எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதற்குச் சமம் அது. அந்த முதல் பதிப்பில் அடையாளம் கேட்கும் ஏற்பாடே கிடையாது. 1990களில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பாஸ்வேர்ட் வைக்கலாம் என்று வந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம் வீட்டைப் பாருங்கள். வழி தேட வேண்டிய அவசியம் எப்போது வரும்? ஓர் இடத்துக்கு இரண்டு வழி இருந்தால்தான். ஃபெஞ்சல் புயலின்போது இந்திரா காந்தி சிலைப் பக்கம் தண்ணீர் என்றால் வேறு எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று போனில் கேட்டுக்கொண்டோம். வேறு தெரு இருந்ததால் கேட்டோம். மாடி ரவுட்டரிலிருந்து கீழ் ரவுட்டருக்கு இருப்பது ஒரே ஒயர். அந்த ஒயரை எலி கடித்தால் இரண்டு ரவுட்டரும் எவ்வளவு பேசிக்கொண்டாலும் வேறு வழி முளைக்காது. ஒற்றை மாடிப்படி உள்ள வீட்டுக்கு வழிகாட்டி எதற்கு?

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு கம்பெனி லைன் வைத்திருக்கிறோம், ஒன்று போனால் மற்றொன்றுக்குத் தானாக மாற டைனமிக் ரூட்டிங் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு இது வேண்டியதில்லை. உங்கள் இன்டர்நெட் கம்பெனி உங்கள் வீட்டுப் பெட்டியோடு வழி பேசப் போவதில்லை. இரண்டு லைன் செருகும் ரவுட்டர் தனியாகக் கிடைக்கிறது. ஒன்று நின்றால் மற்றொன்றுக்கு மாறுவது அதன் வேலை.

சரி, பிரின்டரும் கேமராவும் தெரிய என்ன செய்வது? பெரும்பாலான வீடுகளில் சிக்கல் வழி தெரியாதது அல்ல. மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு மதில் கட்டித் தனி வீடாக உட்கார்ந்திருக்கிறது. மதிலை இடித்தால் போதும். மாடி ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மூன்று வேலை. அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் 192.168.1.1 ஆகவே இருக்கட்டும். மாடியில் முகவரி வழங்கும் டி.ஹெச்.சி.பி.யை நிறுத்துங்கள், வீட்டுக்கு ஒருவர் முகவரி கொடுத்தால் போதும். கீழிருந்து வரும் ஒயரை 'வான்' துளையில் செருகாமல் 'லான்' துளையில் செருகுங்கள். வீடு முழுவதும் ஒரே வலை ஆகிவிடும். வழி என்ற பேச்சே எழாது.

மாடியில் வாடகைக்காரர் இருக்கிறார், தனி வலைதான் வேண்டும் என்றால் மதில் இருப்பதே நல்லது. விட்டுவிடுங்கள். மகன் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறான், தனி வலையும் வேண்டும், பிரின்டரும் தெரிய வேண்டும் என்றால், கையால் ஒரு வழி எழுதுங்கள். மாடி வலை 192.168.2 என்று தொடங்குகிறது, மாடி ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி மாறாமல் 192.168.1.2 என்று வைத்துக்கொள்வோம். கீழ் ரவுட்டரில் 'ஸ்டாட்டிக் ரூட்' பக்கத்தில் சேர வேண்டிய இடம் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2 என்று ஒரு வரி. மாடி ரவுட்டரில் முகவரி மாற்றும் 'நாட்' வேலையை நிறுத்தி, கீழ் வலைக்கு அனுமதி கொடுக்க வேண்டும். முடிந்தது. கீழ் வலை எதுவும் மாறாத வரைக்கும் அந்த ஒரு வரியும் மாறாது.

டைனமிக் ரூட்டிங் யாருக்குத்தான் வேண்டும்? நாலைந்து வலை, அவற்றுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு, அவை அடிக்கடி மாறுகின்றன என்றால் வேண்டும். நெட்வொர்க் படிக்கும் பேரன் பழகிப் பார்க்க விரும்பினாலும் தடுக்காதீர்கள், அது நல்ல படிப்பு. அவனிடம் நான்கு நிபந்தனை மட்டும் போடுங்கள். முதல் பதிப்பு வேண்டாம். பாஸ்வேர்ட் இல்லாமல் வேண்டாம். கம்பெனி லைன் வரும் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம், வீட்டுக்குள் மட்டும். பழகும் பெட்டி தனியாக இருக்கட்டும், பாட்டி வீடியோ கால் பேசும் பெட்டியில் கை வைக்காதே.

மற்றவர்கள் ஒரு முறை ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, 'ரூட்டிங்' என்ற தலைப்பின் கீழ் ஆர்.ஐ.பி. என்று இருந்தால் அது நிறுத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூடவே, பெட்டியோடு வந்த 'அட்மின்' பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அதை மாற்றாமல் விட்டால் மேலே சொன்ன பூட்டு எதற்கும் அர்த்தம் இல்லை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இன்னொன்று. தானாக நடக்கும் ஏற்பாட்டை வீட்டில் வைத்தவர் யார், அவர் இப்போது எங்கே என்ற கேள்வி. நம் தெருக்களில் பிள்ளைகள் பாரிஸுக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். லீவில் வந்தபோது ஆசையாக ஏதோ செய்து வைத்துவிட்டுப் போகிறார்கள். மூன்று மாதம் கழித்து மழைநாளில் ஏதோ ஒன்று நிற்கும். வாசல் கேமரா போகும், மருத்துவரோடு பேச வேண்டிய வீடியோ கால் போகும். வீட்டில் இருப்பவர்கள் எழுபது வயதுக்காரர்கள் இருவர். வந்து பார்க்கும் பையனுக்கு, இரண்டு பெட்டியும் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொண்டன என்று தெரியாது. கடைசியில் எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டுப் போவான். கையால் எழுதிய ஒரு வரி வழி என்றால், அதை யாரும் படிக்கலாம். சரியா தவறா என்று பார்த்த உடனே தெரியும்.

ஆகவே எது வைத்தாலும் அதை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பெட்டிக்கு எந்த முகவரி, எந்த ஒயர் எந்தத் துளையில், யாரிடம் கேட்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், பெரிய எழுத்தில். கரன்ட் மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அங்கே எழுதாமல் பீரோவில் வையுங்கள். எங்கள் காலத்து சார்ட்டிங் லிஸ்ட்டை யார் வந்து நின்றாலும் பார்த்து வேலை செய்ய முடிந்தது. அந்த வசதி நம் வீட்டு இன்டர்நெட்டுக்கும் இருக்க வேண்டும்.